கயிற்றுக்கு ஒரு கதை

சீட்டு வித்தை பழகுகிறவர்களில், வித்தை காட்டிக்கொண்டே சொல்லும் நான்கு திருடர்கள் கதை தெரியாதவர்கள் குறைவு. நான்கு ஜாக்கும் திருடர்கள், சீட்டுக்கட்டு ஒரு கட்டடம், ஆளுக்கொரு மாடியில் நுழைகிறார்கள், போலீஸ் வந்ததும் நால்வரும் மொட்டை மாடிக்கு ஓடுகிறார்கள். நல்ல கதைதான், சீட்டை ஏன் கட்டுக்குள் செருகுகிறோம், அது ஏன் மேலே வருகிறது என்பதற்கெல்லாம் அதிலேயே காரணம் இருக்கிறது. ஆனால் எல்லோரும் சொல்லிச் சொல்லித் தேய்ந்துவிட்டது. அதற்காக, கதையே வேண்டாம் என்று "இதோ சீட்டை எடுக்கிறேன், இதோ நடுவில் வைக்கிறேன்" என்று கை செய்வதையெல்லாம் வாயும் சொல்லிக்கொண்டிருந்தால் இன்னும் மோசம். பார்ப்பவர்களுக்குக் கண் இருக்கிறது.

சொந்தக் கதை எங்கிருந்து வரும்? எனக்குப் பிடித்த உதாரணம் பிரெஞ்சு வித்தைக்காரர் ராபர்ட்-ஹூடின் (ஹூடினி தன் மேடைப் பெயரை எடுத்தது இவரிடமிருந்துதான்). 1847-இல் தன் மகனை ஒரு கோலின் முனையில் படுத்த வாக்கில் மிதக்க வைத்தார். அப்போதுதான் அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்தாக ஈதர் வந்து ஊரெல்லாம் அதே பேச்சு. மனிதர் அதைப் பிடித்துக்கொண்டார்: ஈதரை முகர்ந்தால் உடம்பு லேசாகிவிடும் என்று சொல்லிப் பையனை முகர வைத்தார், திரைக்குப் பின்னால் சூடான இரும்பில் நிஜ ஈதரை ஊற்ற, வாசனை அரங்கம் முழுக்கப் பரவியது. குழந்தையை இப்படி வதைக்கலாமா என்று கடிதமே எழுதினார்களாம். மக்கள் ஏற்கெனவே பாதி நம்பிக்கொண்டிருந்த ஒன்றை எடுத்து அதன்மேல் வித்தையை உட்கார வைத்தார், அவ்வளவுதான்.

மூன்று கயிறு வித்தையை எடுத்துக்கொள்வோம். நெட்டை, நடுத்தரம், குட்டை என்று மூன்று கயிறுகள், மூன்றும் ஒரே நீளமாகின்றன, அப்புறம் பழையபடி மாறிவிடுகின்றன. இதில் கதைக்குத் தொந்தரவு தருவது கடைசிப் பகுதிதான், சமமான பிறகு ஏன் திரும்ப மாற வேண்டும்? நான் அங்கிருந்துதான் யோசிக்க ஆரம்பித்தேன். ஒரே நீளம்தான், ஆனால் அப்படித் தெரியாது: அப்படி என்ன இருக்கிறது? நேரம்!

ஆக, மூன்று கயிறும் அதே ஒரு மணி நேரம்தான். நெட்டைக் கயிறு ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருப்பவருடையது, குட்டை காதலியோடு பேசிக்கொண்டிருப்பவனுடையது, நடுவில் உள்ளது வேலை பார்ப்பவருடையது. "மூவருக்கும் ஒரே நேரத்தில்தான் தொடங்கியது" என்று மேல்முனைகளைச் சேர்த்துப் பிடிக்கிறேன். "ஒரே நேரத்தில்தான் முடிந்தது" என்று கீழ்முனைகளை ஒவ்வொன்றாக மேலே கொண்டுவருகிறேன். "கடிகாரத்தைக் கேட்டால்…" என்று நிறுத்திவிட்டு இழுக்கிறேன், மூன்றும் சமம். அந்த இடத்தில் ஒரு வார்த்தை கூடப் பேசக்கூடாது, "பாருங்கள் சமமாகிவிட்டது" என்று வாயைத் திறந்தால் கெட்டது கதை. நாலைந்து நொடி விட்டு, "ஆனால் கடிகாரத்தை யார் கேட்கிறார்கள்?" என்று ஒவ்வொரு கயிறாகப் பிரித்துக் கொடுக்கும்போது மறுபடி நெட்டை, நடுத்தரம், குட்டை. முனைகளை மேலே கொண்டுவரும் அசைவு வெறுமனே செய்தால் கொஞ்சம் உறுத்தும், கதை இருப்பதால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

எழுதும்போது இந்தக் கதை இரண்டு பக்கம் வந்தது. வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கப் பார்க்கப் பெரும்பாலும் வெட்டுப்பட்டுப் போயிற்று, காத்திருப்பவருக்குப் பெயர், ஊர், நோய் எதுவும் தேவைப்படவில்லை. ஒரு கதை ஒட்டுகிறதா என்று பார்க்க, அதே கதையை வேறு வித்தைக்குச் சொல்லிப் பார்ப்பேன். கயிற்றுக்குச் சொன்னது நாணயத்துக்கும் அப்படியே பொருந்தினால் அது எதற்குமே பொருந்தாத கதை, தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான்.

எல்லா வித்தைக்கும் கதை தேட வேண்டும் என்றும் இல்லை. கண் முன்னால் சட்டென்று நாணயம் மறைகிறதா, மறையட்டும், ஆள் வாயைப் பிளப்பதற்குள் நாம் எதற்குக் குறுக்கே பேசிக்கொண்டு?