டெக்சஸில் கைத்துப்பாக்கி: லைசென்ஸ் இருந்தாலும் வாசலைப் பாருங்கள்

2021 செப்டம்பர் முதல் டெக்சஸில் 21 வயது நிரம்பிய பெரும்பாலானோர் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம். ஆனாலும் லைசென்ஸ் எடுங்கள் என்றே சொல்வேன். பள்ளியைச் சுற்றி 1,000 அடிக்குள் பொதுச்சாலையில் துப்பாக்கியோடு போவதை மத்திய சட்டம் தடுக்கிறது. அந்த மாநிலத்தின் லைசென்ஸ் உள்ளவருக்கு விலக்கு உண்டு. அரசுப் பல்கலைக்கழக வளாகங்களில் துப்பாக்கியோடு போகும் அனுமதியும் அவர்களுக்குத்தான், அதுவும் நிர்வாகம் ஒதுக்கிய இடங்கள் நீங்கலாக.

கடை வாசலில் ‘30.06’ (டெக்சஸ் குற்றவியல் சட்டப் பிரிவின் எண்) பலகை இருந்தால், லைசென்ஸ் உள்ளவரும் மறைத்தும் கொண்டுபோகக் கூடாது. ஆங்கிலம், ஸ்பானிஷ் இரண்டிலும், ஓரங்குல உயர எழுத்தில் இருக்கும். பலகையை மீறினால் 200 டாலர் வரை அபராதம்; வாய்மொழியாகச் சொல்லியும் வெளியேறாவிட்டால் குற்றம் பெரிதாகிவிடும்.

பலரும் சறுக்குவது உணவகத்தில். சிவப்பு ‘51%’ பலகை இருந்தால், அங்கே வருமானத்தில் பாதிக்கு மேல் மதுவிலிருந்து வருகிறது. அங்கே லைசென்ஸ் செல்லாது. வாக்குச்சாவடி, நீதிமன்றம், சிறை, விமான நிலையச் சோதனைக்கு அப்பாலும் அப்படித்தான்.