கட் சைஸ்

“சைஸ் இல்லைன்னு சொல்லி ஆளைத் திருப்பி அனுப்பினதெல்லாம் உங்க ஷீட்ல எந்தக் கட்டத்துல வருது தம்பி?”

கேட்டது எங்கள் துணிக்கடையின் சட்டைப் பிரிவு இன்சார்ஜ். விற்பனைக் கணக்கு ஷீட் போடுவது நான். “அது வராதுண்ணே, பில் போட்டதுதான் வரும்” என்றேன். இரண்டு பேர் சிரித்தார்கள். முதலாளி பேப்பரைப் புரட்டினார், அடுத்த ஐட்டத்துக்குப் போய்விட்டோம். என் பதிலில் பிழை எதுவும் கிடையாது. இன்று கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அவர் தெரியாமல் கேட்கவில்லை என்பது அப்போதே எனக்குப் புரிந்தது. புரிந்தும், தெரியாதவருக்கு விளக்குகிற குரலில் சொன்னேன். உறுத்துவது அந்தக் குரலா, வேறெதுவுமா என்று இன்னும் பிடிபடவில்லை.

விஷயம் ஒரு முழுக்கைச் சட்டை லைன், அதாவது ஒரே ரகச் சட்டை வரிசை. ஆடிக்கு முந்தைய ஸ்டாக் ரிவ்யூ. வந்த சரக்கில் எத்தனை சதவீதம் விற்றது, மீதி இருப்பது இப்போது விற்கிற வேகத்தில் எத்தனை வாரத்துக்கு வரும், இந்த இரண்டையும்தான் முதலில் பார்ப்போம். இரண்டிலும் அந்த லைன் அடியில் கிடந்தது. ஆடித் தள்ளுபடியில் தள்ளிவிட்டு மறு ஆர்டரை நிறுத்தலாம் என்று எழுதியிருந்தேன்.

சட்டை செட்டாக வரும். இந்த லைனில் செட்டுக்கு ஆறு: 38 ஒன்று, 40 இரண்டு, 42 இரண்டு, 44 ஒன்று. முதலில் 44 போய்விடும். அப்புறம் 42, 40. ரேக்கில் 38 மட்டும் உட்கார்ந்திருக்கும். கடையில் இதைக் கட் சைஸ் என்பார்கள். சிஸ்டத்துக்கு அந்தப் பேச்சே கிடையாது. சரக்கு இருக்கிறது, விற்பனை இல்லை, ஆகவே ஓடாத ஐட்டம். சைஸ்வாரியாகப் பிரித்தாலும் பாதிதான் தெரியும். செட்டுக்கு ஒரு 44 வந்தால் செட்டுக்கு ஒன்றுதான் விற்க முடியும், பத்துப் பேர் கேட்டாலும் சரி. அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, 44 குறைவாகத்தானே போகிறது என்று அடுத்த ஆர்டரும் அதே செட்டில் போகும். நாம் வாங்கியதையே திரும்பப் பார்த்துவிட்டு, வாடிக்கையாளர் கேட்டது இதுதான் என்று நினைத்துக்கொள்கிறோம்.

என் பக்கத்தையும் சொல்ல வேண்டும். எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிற ஆள் இல்லை நான். தீபாவளி 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20. மாதத்தை மாதத்தோடு வைத்துப் பார்த்தால், ஒரு வருடம் அக்டோபர் கடைசி வாரத்தில் நிற்க இடமிருக்காது, அடுத்த வருடம் அதே வாரம் கடை காற்று வாங்கும். பண்டிகைக்கு எத்தனை வாரம் முன்பு என்று அடுக்கிப் பார்க்கும் பழக்கத்தை எங்கள் கடைக்குக் கொண்டுவந்தவன் நான்தான். பில்லிங்கில் மூன்று நிறச் சட்டைகளுக்கு ஒரே பார்கோடை ஸ்கேன் செய்து மூன்று என்று தட்டிவிடுவார்கள். ஒரு நிறம் மைனஸில் போகும். மற்ற இரண்டும் விற்ற பிறகும் ஸ்டாக்கில் நிற்கும். அதையும் மல்லுக்கட்டிக் குறைத்திருக்கிறேன்.

தவிர, சரக்கு இருந்தால் விற்றிருப்பேன் என்று சொல்லாத இன்சார்ஜ் உண்டா? இதே அண்ணன் ‘தீபாவளிக்குப் பறந்துடும்’ என்று வாதாடி வாங்க வைத்த கட்டம் போட்ட சட்டைகள் பொங்கல் தாண்டியும் கிடந்தன. எல்லார் பேச்சையும் கேட்டால் குடோன் தாங்காது. பணம் துணியாக முடங்கிக் கிடக்கும்.

ஆடியில் அந்த 38 சைஸ்கள் பாதி விலைக்கும் முழுதாகப் போகவில்லை. பார்த்தீர்களா, செத்த ஸ்டாக் என்று நான் சொல்லலாம். பார்த்தீர்களா, சைஸ்தான் பிரச்சினை என்று அவரும் சொல்லலாம். அவர் சொல்லவில்லை.

அந்த இடத்துக்கு வேறு லைன் வந்தது, நன்றாக ஓடியது. அடுத்த ரிவ்யூவில் முதலாளி என் அறிக்கையைக் குறிப்பிட்டு, “சரியான நேரத்துல நிறுத்தினோம்” என்றார். புது லைனின் செட்டில் 44 இரண்டு. 38 கிடையாது. அது எங்கள் பர்ச்சேஸ் பிரிவு கேட்டு வாங்கியதா, தயாரிப்பாளர் அனுப்புவதே அப்படித்தானா என்று நான் விசாரிக்கவில்லை. நிறம் வேறு, துணி வேறு, ஆவணி முகூர்த்தம் வேறு சேர்ந்துகொண்டது. எதனால் ஓடியது என்று பிரித்துச் சொல்ல என்னிடம் வழியில்லை. வழியில்லாததை எதற்குக் கூட்டத்தில் கிளப்ப வேண்டும்? இன்சார்ஜ் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். நான் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஒரு நோட்டு போட்டோம். மருந்துக் கடைகளில் கேட்டு இல்லாத மருந்தைக் குறித்துவைப்பதுபோல, கேட்டுக் கிடைக்காத சைஸை எழுத வேண்டும். யோசனை என்னுடையது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். யாருடையது என்று இதுவரை படித்தவர்களுக்குத் தெரியும். நோட்டில் 44 நிறைய வந்தது. 46 கூட வந்தது, அது அந்த விலையில் எங்களிடம் இருந்ததே இல்லை. ஆனால் தேதிவாரியாகப் போட்டால் செவ்வாய், புதன்தான் நிரம்பியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரு வரி கூட இல்லை. அண்ணனிடம் கேட்டேன்.

“அந்தக் கூட்டத்துல யாரு தம்பி எழுதுறது?”

இந்த நோட்டை வைத்தே தீபாவளி ஆர்டருக்கு செட் பிரித்துக் கேட்கலாமா என்று போன வாரம் முதலாளி கேட்டார். கேட்கலாம் என்றேன். ஞாயிற்றுக்கிழமை விஷயத்தைச் சொல்லவில்லை. சொன்னால் நோட்டையே நிறுத்திவிடுவார். அரைகுறைக் கணக்கு அவருக்குப் பிடிக்காது, அதைப் பழக்கிவிட்டவனும் நான்தான்.