கட்டு எந்தக் கால்ல?

சிவகாசிப் பக்கம் ஒரு ஆரம்பப் பள்ளியில டீச்சரா இருக்கேன். 2022-ல அரசோட 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்த பிறகு ஒன்னு, ரெண்டு, மூணாப்புப் பிள்ளைங்கள, யாரு எவ்வளவு கத்திருக்காங்கன்னு பாத்து அரும்பு, மொட்டு, மலர்னு பிரிச்சுத்தான் பாடம் எடுக்கிறோம்.

முன்னாடியெல்லாம் நான் கதை சொல்ற லட்சணம் எப்படின்னா, படத்த ஒரு தடவ சுத்திக் காட்டிட்டு, கடகடன்னு வாசிச்சு முடிச்சு, "இதுல இருந்து என்ன தெரிஞ்சுக்கிட்டோம்?"னு கேப்பேன், உடனே மொத்த வகுப்பும் ராகம் போட்டு "பொய் சொல்லக் கூடாதூ டீச்சர்"னு கத்தும். ஆமைக் கதைக்கும் அதான் பதில், மழை வர்ற கதைக்கும் அதான். மழைக் கதையில யாரு பொய் சொன்னா? நானும் "வெரிகுட்"னு சொல்லிட்டு நோட்டு திருத்தப் போயிருவேன்.

அப்புறம் ஒரு ட்ரெய்னிங்ல பாசிட்டிவ் ஆட்டிட்யூட் வளர்க்கணும்னு சொன்னாங்க. தினம் காலையில "என்னால் முடியும்"னு மூணு தடவ சொல்ல வச்சேன். அதுல எல்லாரையும் விட சத்தமா சொல்றது ரெண்டாப்புப் பொண்ணு ஒருத்தி. அவளேதான் 'ழ' எழுதும்போது சுழி கொஞ்சம் கோணிருச்சுன்னா விரல்ல எச்சில் தொட்டு அழிப்பா, பேப்பர் ஓட்டையாகும், "எனக்கு வராது டீச்சர்"னு நோட்ட மூடிருவா. அதுக்கு மேல அன்னைக்கு பென்சில் எடுக்க மாட்டா.

பீரோவுல புத்தகம் இருந்துச்சு, இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா கிழிஞ்சா ஸ்டாக் ரெஜிஸ்டருக்கு யாரு பதில் சொல்றதுன்னு பூட்டியே கிடக்கும். இப்ப அரசோட வாசிப்பு இயக்கத்துல, வாசிக்கிற திறனுக்குத் தக்க நுழை, நட, ஓடு, பறன்னு நாலு படியா குட்டிக் குட்டி புத்தகம் பிள்ளைங்க கையிலயே புழங்குது, அது வேற விஷயம். அன்னைக்கு எனக்கு, கீழ விழுந்து எந்திரிக்கிற ஒரு பிள்ளையோட கதை வேணும், அதுல ஒரு வார்த்தை கூட இருக்கக் கூடாது, வார்த்தை இருந்தா நான் வாசிச்சு முடிச்சுருவேனே!

எங்க ஊர்ல பேப்பருக்குப் பஞ்சமா? ஆடிப்பெருக்குக்கு அடுத்த வருஷ காலண்டர் ஆல்பம் வந்துரும், அதுல இருந்தே பிரஸ்ஸுல வேஸ்ட் ஷீட் குவியும். பின்பக்கம் வெள்ளையா இருக்கிற ஷீட்டா வாங்கி வரைஞ்சேன். வழவழன்னு இருக்கிற பேப்பர்ல க்ரேயான் ஒட்டவே இல்ல, மார்க்கர்ல போட வேண்டியதாப் போச்சு. தாத்தா சைக்கிள்ல ஒரு பொண்ணு குரங்கு பெடல் போட்டுப் பழகுறா, வேலியில விழுறா, சாணியில விழுறா, கோழி மேல விழப் பாக்குறா, அவ்வளவுதான் கதை. அந்த எச்சில் ரப்பர் பொண்ணோட அம்மா பைண்டிங் வேலைக்குப் போறவங்க, அவங்கதான் நடுவுல பின் அடிச்சுக் குடுத்தாங்க.

முதல் நாள் வாயத் தொறக்கவே கூடாதுன்னு இருந்தேன், "என்ன நடக்குது?"ன்னு மட்டும் கேட்டேன். நாலாவது பக்கத்துல ஒரு பொடியன் எந்திரிச்சு வந்து படத்துல விரல வச்சு, "டீச்சர், போன பக்கத்துல இந்தக் கால்ல கட்டு, இதுல அந்தக் கால்ல கட்டு"ங்கிறான். எனக்கு பக்குன்னு ஆயிருச்சு. ராத்திரி பதினோரு மணிக்குத் தூக்கக் கலக்கத்துல வரைஞ்சது. சமாளிக்கலாமான்னு ஒரு செகண்ட் யோசிச்சேன், அப்புறம் "ஆமாடா, தப்பா வரைஞ்சுட்டேன்"னேன். வகுப்பே கப்சிப். டீச்சர் தப்புன்னு சொன்னத அவங்க அதுக்கு முன்னாடி கேட்டதில்லையோ என்னமோ. அப்ப பின்னாடியிருந்து அந்தப் பொண்ணு, "இல்ல டீச்சர், அது ஆறிருச்சு, இது வேற தடவ விழுந்தது"ன்னா.

நான் யோசிக்கவே யோசிக்காத பதில். அப்புறம் அரை மணி நேரம் எந்தக் காயம் எப்ப ஆறுச்சுன்னு ஒரே சண்டை, பாதிப் பேரு பாவாடையத் தூக்கி, டிரவுசர ஒதுக்கி அவங்கவங்க முட்டித் தழும்பக் காட்டினாங்க. யாரும் பொய் சொல்லக் கூடாதுன்னு சொல்லல.

இப்படிக் கேள்வி கேட்டுப் படம் பாக்கிறது ஒன்னும் என் கண்டுபிடிப்பு இல்ல. 1988-லயே அமெரிக்காவுல வைட்ஹர்ஸ்ட்ங்கிறவரும் கூட இருந்தவங்களும் ரெண்டு வயசுப் பிள்ளைங்களோட வீடுகள்ல ஒரு மாசம் செஞ்சு பாத்திருக்காங்க, பெத்தவங்க சும்மா வாசிக்காம பிள்ளையப் பேச விட்டா பேச்சு நல்லா வளருதுன்னு. அது பேச்சு வளர்றதப் பத்தினது, தைரியம் வளர்றதப் பத்தி இல்ல. அதனால நானும் ஒரு காலண்டர் புத்தகம் பிள்ளைய மாத்திருச்சுன்னு பீத்திக்க மாட்டேன். மேலேருந்து பார்வைக்கு வந்தவங்க "கற்றல் விளைவு என்ன?"ன்னு கேட்டப்ப எனக்கு எழுத ஒன்னும் தோணல, "விழுந்த காயம்"னா எழுத முடியும்?

அந்தப் பொண்ணு இப்ப மூணாப்பு. 'ழ' இன்னும் கோணத்தான் செய்யுது, இன்னும் அழிக்கத்தான் செய்றா. எச்சில் தொடுறதில்ல, பக்கத்துப் பையன்கிட்ட ரப்பர் வாங்குறா. திருப்பித்தான் குடுக்க மாட்டேங்கிறாளாம், தினம் ஒரு பஞ்சாயத்து.