சதுர அடைப்புக்குறிக்குள் இருப்பதை மட்டும் உருவி எடுத்த கதை

கையில் ஒரு பெரிய லாக் ஃபைல், அதாவது ஒரு நிரல் தன் ஓட்டத்தைப் பதிந்து வைக்கும் கோப்பு. நேரம், பிழையின் வகை, பயனர் எண் எல்லாம் சதுர அடைப்புக்குறிகளுக்குள் கிடந்தன. வெளியே இருந்தது எதுவும் எனக்கு வேண்டாம். பைத்தான் நிரல்மொழியில் ரெஜெக்ஸ் (உரையில் தேட வேண்டிய வடிவத்தைச் சொல்லும் குறித்தொடர்) எழுத உட்கார்ந்தேன்.

\[.*\] உதவாது என்று தெரியும், எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று பார்க்கத்தான் போட்டேன். வரியின் முதல் திறப்பில் பிடித்தது, கடைசி மூடலில்தான் விட்டது. புள்ளி எந்த எழுத்துக்கும் பொருந்தும்; 'எத்தனை முறை வேண்டுமானாலும்' என்னும் நட்சத்திரக் குறிக்கு அப்படியொரு பேராசை. பின்னால் ஒரு கேள்விக்குறி சேர்த்து \[(.*?)\] என்றால் அடங்கிவிடும். நடுவில் வளைவு அடைப்பு போட்டிருப்பதால், பொருந்துவதையெல்லாம் திரட்டித் தரும் ஃபைண்ட்ஆல் (findall) குறிகளை விட்டுவிட்டு உள்ளிருப்பதை மட்டும் தரும்.

பெரும்பாலானோர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். எனக்கோ, மூடும் குறியை ஒட்டி முக்காற்புள்ளி வரும் இடங்கள் மட்டும் தேவைப்பட்டன. \[(.*?)\]: என்று எழுதி, [அ] [ஆ]: என்ற வரியில் ஓட்டிப் பாருங்கள். கிடைப்பது ஆ அல்ல, அ] [ஆ. முதல் திறப்பில் தொடங்கிய தேடல், முக்காற்புள்ளி கிடைக்கும்வரை இடையிலுள்ள மூடலையும் விழுங்கிக்கொண்டே போகிறது. கேள்விக்குறி போட்ட இதற்குச் சோம்பேறித் தேடல் என்று பெயர்தான். தேவைப்பட்டால் எவ்வளவு தூரமும் நடக்கும்!

அதனால் \[([^\[\]]*)\]: என்று மாற்றினேன். 'அடைப்புக்குறி அல்லாத எதுவும்' என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் தாண்டிப்போக வழியே இல்லை. ஒற்றை எழுத்து எல்லைக்குறி என்றால் என் ஓட்டு எப்போதும் இதற்குத்தான். இன்னொரு லாபமும் உண்டு: புள்ளி வரிமுறிவைத் தொடாது, [^...] என்னும் இந்த விலக்கு வகுப்பு தொடும். ஃபைலை முழுதாகப் படித்து ஓட்டியதால் இரண்டு வரிகளில் உடைந்து கிடந்த செய்திகளும் வந்து சேர்ந்தன.

<!-- --> போலப் பல எழுத்து எல்லைகளுக்கு இந்த வழி எளிதாக இராது. அங்கே <!--(.*?)--> போட்டு, புள்ளி வரிமுறிவையும் தொடச் செய்யும் டாட்ஆல் (DOTALL) கொடியையும் ஏற்றிவிடுவேன். அக்கம்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று மட்டும் பார்த்து, அதை முடிவில் சேர்க்காத, முன்பின் நோக்கும் (?<=\[) வகையறா பார்க்க அழகு; வளைவு அடைப்பே போதும் என்னும்போது அதைப் படிக்கிறவர் தலையில் ஏன் கட்ட வேண்டும்?

கடைசியாக மிஞ்சியவை அடைப்புக்குள் அடைப்பு இருந்த வரிகள். விலக்கு வகுப்பு அவற்றில் உள்ளடுக்கை மட்டுமே தரும். எனக்கு வெளியடுக்கு வேண்டும். பைத்தானோடு வரும் ரெஜெக்ஸ் தொகுதியில், அடுக்கடுக்காய் உள்ளே போக வடிவம் தன்னைத்தானே அழைக்கும் வசதி இல்லை. அந்த வரிகளுக்கு மட்டும் ஒரு சின்ன லூப் எழுதினேன்: திறந்தால் ஒன்று கூட்டு, மூடினால் ஒன்று கழி, பூஜ்யம் ஆனதும் வெட்டு. பூஜ்யத்துக்குத் திரும்பாமலே முடிந்தவற்றைத் தனி ஃபைலில் கொட்டி, கண்ணால் பார்த்துக்கொண்டேன்.