ஏ பக்கத்தின் கடைசிப் பாட்டு

1993 இல் உயர்தரம் படிக்கும்போது டியூஷன் காசில் மிச்சம் பிடித்து ஒரு டி.டி.கே. 90 கசெட் வாங்கினேன். சீ.ஆர். கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, வேண்டிய பாட்டுகளை இலக்கம் போட்டு எழுதி, திருகோணமலை மத்திய வீதிப் பக்கம் இருந்த ரெக்கோடிங் பாரில், அதாவது பாட்டுப் பதிந்து தரும் கடையில், கொடுத்தால் மூன்று நாளில் பதிந்து தருவார்கள். எங்கள் வகுப்பில் பாதிப்பேருக்கு இசை ரசனை அந்தக் கடை வாசலில்தான் வளர்ந்தது. ஒரு பக்கத்துக்கு 45 நிமிடம். ஏ பக்கத்துக்கு ஒன்பது பாட்டு எழுதினேன், ஒன்பதும் இளையராஜா.

முதல் பாட்டு 'தளபதி'யில் வரும் 'ராக்கம்மா கையத் தட்டு'. 1991 தீபாவளிக்கு வந்த படம். வீடியோ டெக்கும் ரீவியும் வாடகைக்கு எடுத்து, எங்கள் வீட்டு விறாந்தையில் இருபது பேர் நெருக்கியடித்து இருந்து பார்த்தோம். ஆட்டமும் கும்மாளமுமாகப் போய்க்கொண்டிருந்த பாட்டு ஓரிடத்தில் அப்படியே தணிந்து, பெண்கள் குரலில் 'குனித்த புருவமும்' என்று தொடங்கியதும் ஒருவரும் மூச்சு விடவில்லை. அப்பர் தேவாரம்! காலைப் பிரார்த்தனையில் கை கூப்பி நின்று நாங்கள் பாடிய அதே தேவாரம். படம் என்றாலே எழும்பி உள்ளே போகிற அம்மம்மா, அன்றைக்குக் கதவு நிலையைப் பிடித்தபடி அது முடியும்வரை நின்று கேட்டார். 2002 இல் பி.பி.சி. உலக சேவை நடத்திய வாக்கெடுப்பில் இந்தப் பாட்டு நாலாம் இடத்துக்கு வந்தது. முதலாம் இடம் கிடைத்திருக்க வேண்டும் என்று நான் இன்றைக்கும் வாதாடுவேன்.

அப்போது 'ரோஜா' வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பின்னேரம் டச் பே கடற்கரையில் ராஜா கட்சி, ரகுமான் கட்சி என்று இரண்டாகப் பிரிந்து சண்டை பிடிப்போம். இருட்டுமுன் வீடு போய்ச் சேர வேண்டிய காலம், அதனால் எந்தச் சண்டையும் முடிந்ததில்லை, அடுத்த நாள் விட்ட இடத்தில் தொடங்கும். "மச்சான், ஒவ்வொரு சத்தமும் தனித்தனியாகக் கேட்குதடா" என்று ரகுமானுக்காகப் பேசிய நண்பன் சொன்னது சரிதான், முதல் படத்துக்கே தேசிய விருது வாங்கிய மனிதர் அவர். ஆனாலும் ஒரு மெட்டை மனதுக்குள் இருத்திவிட்டுப் போவதில் ராஜாவுக்குப் பக்கத்தில் வர ஆளில்லை. முப்பது வருடம் கழித்தும் என் கட்சி மாறவில்லை.

சரி, கசெட்டுக்கு வருகிறேன். ஒன்பது பாட்டும் முடிந்த பிறகு பத்தாவதாக ஒன்று ஓடத் தொடங்கியது, நான் எழுதிக் கொடுக்காத பாட்டு. 'உனக்குத் தெரியுமா...' என்று ஓர் ஆண் குரல், பெரிய வாத்தியக் கூட்டம் ஏதுமில்லாமல், பக்கத்து வீட்டு அண்ணா ஒருவர் வாசலில் இருந்து பாடுகிற மாதிரி. பாட்டு முடியுமுன்னே நாடா தீர்ந்து டக்கென்று நின்றுவிட்டது. கடைக்குப் போய்க் கேட்டேன். "இடம் மிஞ்சிக் கிடந்தது தம்பி, எங்கட ஊர்ப் பாட்டு ஒன்று போட்டுவிட்டேன். கேட்டுப் பார்த்தீரோ?" என்றார். எம்.பி. பரமேஷ், நம் திருகோணமலையின் பரமேஷ்-கோணேஷ் சகோதரர்களில் ஒருவர், கிராமபோன் இசைத்தட்டு வெளியிட்ட ஈழத்துக் கலைஞர். மெட்ராஸில் இருந்து எந்தப் படம் வருகிறது என்று விரல் நுனியில் வைத்திருந்த எனக்கு, நான் சைக்கிள் ஓடித்திரிந்த ஊரிலிருந்து ஒருவர் இசைத்தட்டு போட்டது பதினெட்டு வயதுவரை தெரியாது. அது இன்றும் எனக்கு உறுத்தல்தான்.

இப்போது தொலைக்காட்சியில் வருகிற பாட்டுப் போட்டிகளை நான் விடாமல் பார்க்கிறேன். அழுகையும் நடுவர்களின் நீண்ட பேச்சும் கூடிப்போய், பாட்டுக்கு நேரம் குறைந்துவிட்டது என்பது என் குறை. ஆனால் 2023 இல் யாழ்ப்பாணத்துச் சிறுமி ஒருத்தி சென்னை மேடையில் வென்றபோது இங்கே ரொறன்ரோவில் நாங்கள் எழும்பி நின்று கைதட்டினோம். அப்படிப்பட்ட மேடையில் ஒரு பிள்ளை பரமேஷின் பாட்டைப் பாடிக் கேட்க வேண்டும் என்பது எனக்குப் பெரிய ஆசை.

போன வருடம் எங்கள் பழைய மாணவர் ஒன்றுகூடலில் இசைக்குழுப் பெடியன்களிடம் அந்தப் பாட்டைக் கேட்டேன், அவர்களுக்குத் தெரியவில்லை. பின்வரிசையில் இருந்த மூத்த அக்கா ஒருவர், எனக்குப் பத்துப் பன்னிரண்டு வருடம் முன்னே படித்தவர், எழும்பி வந்து மைக்கை வாங்கி வாத்தியம் இல்லாமலே முழுதாகப் பாடினார். என் கசெட் நின்ற இடம் வந்தது. அவர் நிற்கவில்லை, அதற்கப்பால் போனார். அந்த மிச்ச வரிகளை நான் கேட்டது அன்றைக்குத்தான்.

இந்த வருட விழாவுக்கு அதைப் பிள்ளைகளுக்குப் பழக்கித் தர அக்கா சம்மதித்திருக்கிறார். ஞாயிறு பின்னேரம் ஒத்திகை, கீபோர்ட் தெரிந்த பிள்ளைகள் யாராவது இருந்தால் அனுப்பி வையுங்கள்.