மெஷின் ஓடிய அறை: அக்டோபர் குறிப்புகள்

6 அக்டோபர் 2024, ஞாயிறு

கிழக்கு லண்டனில் இருக்கும் பெட்டிக்கோட் லேன் சந்தைக்குப் போர்வை வாங்கப் போனேன். வாங்கவில்லை. திரும்பும்போது வழி தப்பி புரூன் தெருவுக்குள் நுழைந்தவன், ஒரு கட்டடத்தின் முன் அரை மணி நேரம் நின்றுவிட்டேன். ஏழை யூதர்களுக்கான கஞ்சித்தொட்டி என்று முகப்பில் ஆங்கிலத்தில் செதுக்கியிருக்கிறது. 1902 என்றும் 5662 என்றும் இரண்டு ஆண்டுகள் போட்டிருக்கிறார்கள். இரண்டாவது யூதப் பஞ்சாங்கக் கணக்கு. உள்ளே போக ஒரு கதவு, வெளியே வர வேறு கதவு, இரண்டின் மேலும் கல்லில் எழுத்து. கூட்டம் முட்டி மோதாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடாக இருக்கும். இப்போது உள்ளே இருப்பவை அடுக்குமாடி வீடுகள். கோடீஸ்வரர்கள்தான் குடியிருக்க முடியும்.

இந்த வட்டாரத்தில் ஆறு வருடமாகச் சுற்றுகிறேன், இதைப் பார்த்ததே இல்லை. வீட்டுக்கு வந்ததும் படிக்க உட்கார்ந்தேன்.

8 அக்டோபர், செவ்வாய்

1881இல் ரஷ்ய ஜார் இரண்டாம் அலெக்சாண்டர் கொல்லப்பட்டதும் யூதர்கள் மேல் கலவரம் பாய்ந்தது. அதிலிருந்து 1914 வரைக்கும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து பிரிட்டனுக்கு வந்து தங்கிய யூதர்கள் 1,20,000 முதல் 1,50,000 வரை இருப்பார்கள். கலவரத்துக்குத் தப்பி வந்தவர்கள் மட்டுமல்ல. வயிற்றுப்பாட்டுக்காக வந்தவர்களும் நிறைய. லண்டன் துறைமுகத்தில் இறங்கியவர்களுக்கு லெமன் தெருவில் 1880களின் நடுவிலிருந்து ஒரு தற்காலிகத் தங்குமிடம் இருந்தது. அங்கே சில நாள் தங்கலாம், அப்புறம் அவரவர் பாடு.

1905இல் அந்நியர் சட்டம் வந்தது. கப்பலின் கடைசி வகுப்பில் வருகிறவர் கையில் ஐந்து பவுண்டு காட்ட வேண்டும், உடன் வரும் ஒவ்வொருவருக்கும் மேலும் இரண்டு. முதல் வகுப்பில் வந்தால் யாரும் கேட்கவில்லை.

10 அக்டோபர், வியாழன்

தூக்கம் வரவில்லை, தையல் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன். இது எனக்குக் கொஞ்சம் சொந்த விஷயம். அப்பா தையல்காரர், இந்நேரம் கடையில் தீபாவளித் துணி மலை போல் குவிந்திருக்கும். கடையில் சேரும் காஜா பையன் பட்டன் கட்டி, எம்மிங் பழகி, சில வருடத்தில் கத்திரியைத் தொடுவான். யூதர்கள் குடியேறிய கிழக்கு லண்டன் பகுதியான வைட்சேப்பலில் அப்போது அது நடக்காது. ஒரு கோட்டைத் துண்டு துண்டாகப் பிரித்துவிட்டார்கள். கச்சாத் தையல் போட ஒருவர், மெஷினில் ஒருவர், இஸ்திரிக்கு ஒருவர், காஜாவுக்கு ஒரு பெண், கை முடிப்புக்கு இன்னொருத்தி. நேற்றுக் கப்பலில் இறங்கியவனுக்கும் சில வாரத்தில் ஒரு துண்டு வேலையைப் பழக்கிவிடலாம். இப்படிப் புதிதாக வந்தவனுக்கு 'கிரீனர்', அதாவது பச்சை ஆள், என்று பெயர். அவனுக்குக் கோட்டில் ஒரு பாகம் தெரியும். முழுக் கோட்டைத் தைக்கத் தெரியாது.

முதலாளி யார் என்று பார்த்தால் அவரும் பெரிய ஆள் இல்லை. தவணையில் எடுத்த மெஷின் ஒன்றிரண்டு, தன் வீட்டு அறை, மொத்த வியாபாரியிடமிருந்து வெட்டிய துணி, அவ்வளவுதான் முதல். அடுத்த சீசன் படுத்தால் அவரே வேறு யாரிடமாவது மெஷின் மிதிக்கப் போவார். வேலை இருக்கும் வாரங்களில் பதினான்கு மணி நேரம், இல்லாத வாரங்களில் வெறும் கை. அப்பாவுக்கும் தீபாவளி முடிந்தால் அப்படித்தான். ஆனால் அவருக்குப் பொங்கல் வந்துவிடும்.

13 அக்டோபர், ஞாயிறு

வென்ட்வொர்த் தெரு வளைவைப் பார்க்கப் போனேன். பின்னாலிருந்த, யூதத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய ராத்ஸ்சைல்ட் குடியிருப்பை 1970களில் இடித்துவிட்டார்கள், வாசல் வளைவு மட்டும் மிச்சம். நான்கு சதவீதக் குடியிருப்புக் கம்பெனி, 1886 என்று அதில் இருக்கிறது. பணம் போட்டவருக்கு நான்கு சதவீத லாபம் போதும் என்ற கணக்கு. தருமத்துக்கும் ஒரு வட்டி விகிதம். அந்தப் பெயரை வாசலிலேயே பொறித்துக்கொண்ட நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

நிம்மதியாக நிற்க விடவில்லை. அந்தக் காலத்துத் தொடர்கொலைகாரன் ஜாக் தி ரிப்பரின் இடங்களைக் காட்டும் சுற்றுலாக் கூட்டம் ஒன்று வந்து வழியை அடைத்துக்கொண்டது. ஐந்து கொலைக்கு இத்தனை வழிகாட்டிகள்!

வெள்ளி சாயங்காலம் சூரியன் சாய்ந்தால் யூதர்களுக்கு ஓய்வுநாள், அடுப்பு மூட்டக் கூடாது. அதனால் வெள்ளி மதியமே பார்லி, பீன்ஸ், கிழங்கு, கிடைத்தால் கொஞ்சம் இறைச்சி போட்டுப் பானையை மூடி, தெருமுனை பேக்கரி அடுப்புக்கு அனுப்பிவிடுவார்கள். இரவு முழுக்க அங்கேயே வேகும். சனி மதியம் போய் எடுத்து வர வேண்டும். இந்தக் கூட்டுக்கு சோலண்ட் என்று பெயர். வீட்டில் கணப்பு மூட்ட, அக்கம்பக்கத்து யூதரல்லாத பிள்ளை ஒன்று காசு வாங்கிக்கொண்டு வந்து போகும்.

16 அக்டோபர், புதன்

1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் படிவத்தைக் குடும்பத் தலைவரே நிரப்ப வேண்டும். புரிந்துகொள்ள, இந்த யூதர்கள் பேசிய இத்திஷ் மொழியில் மொழிபெயர்ப்பும் தந்திருக்கிறார்கள். கிழக்கு லண்டனின் ஸ்டெப்னி பகுதியில் இருந்த ஒரு குடும்பத்தின் படிவத்தை இணையத்தில் பெரிதாக்கிப் பார்த்தேன். எழுத்து கோணல், கையெழுத்து ஒவ்வொரு எழுத்தாக வரைந்தது. கால்சட்டை இஸ்திரிக்காரர். முதலாளியா, தொழிலாளியா, சொந்தமாகச் செய்பவரா என்ற கட்டத்தில் ஒன்றை எழுதி, அடித்து, வேறொன்றை எழுதியிருக்கிறார். போன வியாழன் படித்ததெல்லாம் அந்த ஒரு அடித்தலில் இருந்தது.

வீட்டிலேயே வேலையா என்று கேட்கும் கட்டத்தில் 'ஆம்' என்ற பொருளில் எழுதியிருந்தது. பிறந்த பிள்ளைகள் ஒன்பது, இருப்பவர் ஆறு, இறந்தவர் மூன்று. மனைவியின் தொழில் கட்டம் காலி. உறவினர் தொழிலில் தொடர்ந்து கைகொடுக்கும் பெண்ணின் வேலையையும் எழுதச் சொல்லி விதி இருக்கிறது. ஆனால் வீட்டு வேலை மட்டும் செய்பவருக்கு எழுத வேண்டாம். ராத்திரி பட்டன் தைத்தது எந்தக் கணக்கு?

அறைகள் மூன்று. சமையலறையை எண்ணலாம், கடை, கிடங்கு, அலுவலகம் கூடாது என்கிறது விதி. பகலில் இஸ்திரிப் பெட்டி காய்ந்து, இரவில் பிள்ளைகள் படுத்த அறையை அவர் எண்ணிவிட்டார்.

19 அக்டோபர், சனி

1912 பற்றி. ஏப்ரல் கடைசியில் நகரின் மேற்குப் பக்கத்து உயர்தரத் தையல்காரர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். அவர்கள் விட்ட வேலை கிழக்குப் பக்கப் பட்டறைகளுக்கு வந்துவிடும், செய்தால் துரோகம். ருடால்ஃப் ராக்கர் இவர்களையும் இறங்கச் சொன்னார். யூதரல்ல அவர், ஜெர்மானியர், புத்தகம் பைண்டிங் செய்பவர், அரசே வேண்டாம் என்ற அராஜகவாதி. இங்கே வந்து இத்திஷ் கற்று, அந்த மொழியிலேயே பத்திரிகை நடத்தியவர். சில நாட்களில் 13,000 பேர் வெளியேறினார்கள். மூன்று வாரத்தில் வெற்றி: குறைந்த நேரம், துண்டுக்கூலிக்கு முடிவு.

அதே ஆண்டு மே மாதம் துறைமுகத் தொழிலாளர்களும் வேலையை நிறுத்தினார்கள். அவர்களுடையது ஆகஸ்ட் வரை இழுத்துத் தோற்றது. வந்தேறிகள் வேண்டாம் என்று 1901 முதல் கூட்டம் போட்ட பிரிட்டிஷ் சகோதரர் சங்கத்துக்குக் கை தட்டியவர்களும் இதே கிழக்கு லண்டன் உழைப்பாளிகள்தான். துறைமுகத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் பசியில் கிடந்தபோது, முந்நூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகளை யூதத் தையல் குடும்பங்கள் தங்கள் வீட்டில் வைத்துச் சோறு போட்டன. பலர் வெறுங்காலோடு வந்தார்கள். கடைக்காரர்கள் செருப்பும் துணியும் கொடுத்தார்கள்.

இதைப் படித்ததும் புதன்கிழமை பார்த்த படிவத்தைத் திரும்ப எடுத்தேன். அந்த வீட்டுக்கு அப்படி ஒரு பிள்ளை போனதா, தெரியாது. மூன்று அறை, ஆறு பிள்ளைகள். ஏழாவதாக ஒன்று வந்திருந்தால், இஸ்திரி மேஜைக்கு அடியில்தான் படுக்க இடம் இருந்திருக்கும்.