ஏழு மணி நேரக் கூத்து, எட்டு குட்டி கேசட்: இதுவரை ஆறு முடிஞ்சுது

போன வருஷம் ஊர் திரௌபதி அம்மன் கோயில்ல அர்ஜுனன் தபசு கூத்து, ராத்திரி பத்தே முக்காலுக்கு ஆரம்பிச்சு விடியற வரைக்கும். போனை ட்ரைபாட்ல மாட்டி பவர் பேங்க் சொருகி முழுசா எடுத்துட்டேன். மொத்தம் 7 மணி 10 நிமிஷம், 55 ஜிபி கிட்ட. அதுல ஒரு காப்பி வச்சிருந்த ஹார்ட் டிஸ்க் நாலே மாசத்துல டிக் டிக்னு சத்தம் போட்டு செத்துப்போச்சு. பரண்ல பழைய மினிடிவி கேம்கார்டரும் ஒரு பெட்டி புது டேப்பும் கிடந்துச்சா, சரி மூணாவது காப்பி இதுல ஏத்திப் பாப்போம்னு இறங்கிட்டேன். (மினிடிவின்னா குட்டி டிவி இல்லப்பா, குட்டி கேசட்.)

முதல்ல கணக்கு. இந்த கேசட்டோட டிவி (டிஜிட்டல் வீடியோ) ஃபார்மட்ல ஒரு மணி நேரத்துக்கு கிட்டத்தட்ட 13 ஜிபி. படம் 1080ல இருந்து 720க்கு 576னு சுருங்குது, ஆனா ஃபைல் 93 ஜிபியா வீங்குது! ஒவ்வொரு ஃபிரேமையும், அதாவது ஒவ்வொரு ஸ்டில் படத்தையும், தனித்தனியா அமுக்குறதால அப்படி. கேட்டா சிரிப்பாங்கன்னு வீட்ல சொல்லல.

எஃப்எஃப்எம்பெக்னு வீடியோ மாத்துற சாப்ட்வேர்ல மாத்தினேன். முதல் தடவை சொதப்பல். போன் வீடியோல ஃபிரேம் ரேட் ஒரே சீரா இருக்காது, ஏறி இறங்கும், டேப்புக்கு நொடிக்கு கரெக்டா 25 வேணும், இதை கவனிக்காம படத்தையும் சவுண்டையும் தனித்தனியா பிரிச்சு மாத்தி கடைசில ஒட்டவச்சேன், நாப்பதாவது நிமிஷத்துல பாத்தா ஆட்டக்காரர் காலைத் தட்டி அரை நொடி கழிச்சு சலங்கை கேக்குது. மறுபடி முதல்ல இருந்து, சீரா 25க்கு கொண்டுவந்து, சவுண்ட் 48 கிலோஹெர்ட்ஸ் வச்சதுக்கப்புறம் சரியாச்சு.

அடுத்து ஃபயர்வயர், அதாவது லேப்டாப்ல இருந்து கேமராவுக்கு வீடியோ அனுப்புற கேபிள். புது லேப்டாப்ல அந்த ஓட்டையே கிடையாது, அதனால விண்டோஸ் எக்ஸ்பி ஓடுற கிழட்டு லேப்டாப், அதுல வின்டிவின்னு டேப்புக்கு ஏத்துற சாப்ட்வேர். நல்லவேளை நம்ம கேமரா வெளியில இருந்து வர்றதை ரெக்கார்ட் பண்ணும். ஐரோப்பாவுல வித்த நிறைய மாடல்ல அந்த வசதியை பூட்டியே வச்சிருப்பாங்க, அது இருந்தா வீடியோ ரெக்கார்டர்னு சொல்லி கூடுதலா சுங்க வரி போட்டாங்களாம். செகண்ட் ஹேண்ட் வாங்குறவங்க இதை பாத்து வாங்குங்க. பழைய டிஸ்க் ஃபேட்32ங்கிற பழைய ஃபார்மட்ல இருந்ததால ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல ஏறல, அதாவது இருபது நிமிஷம் கூட வரல. என்டிஎஃப்எஸ் ஃபார்மட் போட்டதும் அந்த தலைவலி போச்சு.

எங்க வெட்டுறதுங்கிறதுதான் ரொம்ப யோசிக்க வச்சுது. டேப்பை மெதுவா ஓட்டுற எல்பி மோட்ல போட்டா ஒரு டேப்ல 90 நிமிஷம் வரும், ஆனா டேப்ல பதியற கோடு (டிராக்) 10 மைக்ரான்ல இருந்து 6.7க்கு ஒல்லியாகுது, வேற கேமராவுல படிக்குமான்னு நம்பிக்கை இல்ல. அதனால சாதா வேகம், எஸ்பிதான். 57 நிமிஷத்துக்கு ஒண்ணா வெட்டினா கட்டியங்காரன் ஜோக்குக்கு நடுவுல டேப் முடியுது, சிரிப்பு அடுத்த கேசட்ல. அதனால திரை புடிச்சு புது வேஷம் வர்ற இடமா தேடித்தேடி வெட்டி, அடுத்த டேப் ஆரம்பத்துல ஒரு நிமிஷம் திரும்ப வர்ற மாதிரி வச்சேன்.

ஏத்துறது ஒரு மணி நேரம், திரும்ப ஓட்டிப் பாக்குறது இன்னொரு மணி நேரம், குறுக்கு வழியே இல்ல. ரெண்டாவது டேப்ல 41வது நிமிஷம் லேப்டாப் தூங்கிடுச்சு, அதுக்கப்புறம் ஒண்ணுமே ஏறல. மூணாவதுல முகவீணைக்காரர் முகம் பூரா கட்டம் கட்டமா உடையுது. கிளீனிங் கேசட்டை பத்து செகண்ட் ஓட்டி அதே டேப்ல மறுபடி ஏத்தினேன், சுத்தமா வந்துச்சு, ஆக டேப்பைப் படிக்கிற ஹெட்ல அழுக்குதான். முடிஞ்சதும் கேசட் முதுகுல இருக்கிற குட்டி தாழ்ப்பாளை சேவ் பக்கம் தள்ளிடுறேன், அப்புறம் அது மேல எதுவும் ஏறாது, இல்லன்னா என் கைக்கு நானே பொறுப்பில்ல. எவர்சில்வர் டப்பால சிலிக்கா ஜெல் போட்டு நிக்க வச்சிருக்கேன்.

நேத்து ஆறாவது டேப் ஓட்டிப் பாத்தேன், அர்ஜுனன் தபசு மரத்துல பாதிதான் ஏறியிருக்கார். மிச்சம் ரெண்டு டேப் வர்ற ஞாயித்துக்கிழமை, கரண்ட் இருந்தா.